யாரும் யாரையும் வெறுக்காமல் இனவெறி நடக்குமா?

கதிரவன்:
‘எல்லாருக்குள்ளேயும் இனவெறி ஒளிந்திருக்கிறது’ என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இனவெறி என்றால் நிறத்துக்காக ஒருவனை வெறுப்பது, அடிப்பது, விரட்டுவது. யாரையும் வெறுக்காத மனிதனையும் அதே பட்டியலில் சேர்த்தால் அந்தச் சொல்லுக்கே கனம் போய்விடும், நிஜமான வெறியன் ‘எல்லாரும் அப்படித்தானே’ என்று நழுவிவிடுவான்.

மதிவதனி:
கதிரவன், வெறுப்பை மட்டும் தேடினால் அடிபட்டவர் கண்ணில் படவே மாட்டார். அமெரிக்காவில் 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள், தகுதியில் வித்தியாசமில்லை, பெயர்தான் வேறு. வெள்ளையர் பெயர் என்றால் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு, கறுப்பினப் பெயர் என்றால் 15 அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றைப் புரட்டியவர்களிடம் போய்க் கேட்டால் எத்தனை பேர் ‘ஆமாம், எனக்கு அவர்களைப் பிடிக்காது’ என்பார்கள்?

கதிரவன்:
ஆய்வை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தெரிந்தே ஒதுக்கினார்களா, தெரியாமலா என்பது அதிலிருந்து தெரியாதே? மனதில் ஒளிந்திருக்கும் சார்பைக் கண்டுபிடிக்க, கறுப்பு, வெள்ளை முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் எவ்வளவு வேகமாக இணைக்கிறோம் என்று கணினியில் அளக்கும் சோதனை ஒன்று 1998-ல் வந்தது. ஒரே ஆள் இன்னொரு நாள் செய்தால் வேறு மதிப்பெண் வரும். அந்த ஆள் நாளை எப்படி நடப்பார் என்றும் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இதை நம்பியா ஒருவரைக் குற்றவாளி என்பது?

இளவேனில்:
அந்தச் சோதனையைப் பற்றிக் கதிரவன் சொல்வது சரி, தனி ஆளை எடைபோட அது உதவாது. ஆனால் நான் ஆள் எடுக்கும் குழுவில் இருந்திருக்கிறேன். நன்றாகப் பதில் சொன்ன ஒருவரை ‘நம்மோடு ஒட்டமாட்டார்’ என்று தள்ளினோம், நானும் தலையாட்டினேன். ஏன் ஒட்டமாட்டார் என்று யாருமே கேட்கவில்லை. அவர் பேச்சின் சாயல் எங்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான் காரணம் என்று பிற்பாடுதான் உறைத்தது. எங்களில் யாருக்கும் அவர்மேல் வெறுப்பில்லை, ஆனாலும் வேலை போனது அவருக்கு.

மதிவதனி:
விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் பாருங்கள். அது ஒளியைத் தோல் வழியே செலுத்தி அளக்கிறது, தோலின் கருமை அந்த அளவைப் பாதிக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி ‘போதுமான அளவு இருக்கிறது’ என்று காட்டியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் இப்படி நடந்தது ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. மூச்சுத் திணறலோடு வந்தவருக்குச் சிகிச்சை தள்ளிப்போக அந்த எண் போதும்.

கதிரவன்:
அது கருவியின் கோளாறு. இதில் இனவெறி எங்கே வந்தது?

மதிவதனி:
கருமையான தோலில் இது தவறுகிறது என்று 1990-லேயே ஆய்வு வந்துவிட்டது. அப்புறம் 30 வருடம் மருத்துவமனைகளில் அதே எண்ணை நம்பித்தான் முடிவெடுத்தார்கள். வெள்ளைத் தோலில் தவறியிருந்தால் இத்தனை காலம் விட்டிருப்பார்களா? யாருடைய உடலை வைத்து ‘சரியாக வேலை செய்கிறது’ என்று முடிவு செய்கிறோமோ, சார்பு அங்கே இருக்கிறது.

கதிரவன்:
1990 விஷயம் எனக்குத் தெரியாது, அது நெஞ்சை அறுக்கிறது. தனி மனிதரை இனவெறியர் என்று அழைப்பதை இப்போதும் எதிர்ப்பேன், ஆனால் அந்த 30 வருடத்துக்கு ‘கோளாறு’ என்ற சொல் போதாது. இளவேனில், அந்தக் குழுவில் பிறகு ஏதாவது மாற்றினீர்களா?

இளவேனில்:
மாற்றினோம். ‘ஒட்டமாட்டார்’ என்று யார் சொன்னாலும் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத உட்கார்ந்ததும் பாதிப் பேர் தங்கள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.