மறு: ‘பேஷன்ட் இன்வால்வ்மென்ட்’ தமிழில்? (‘உடன்வகுத்தல்’ சரிவருமா?)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஆய்வைத் திட்டமிடுவதில் நோயாளரும் சேர்வதைக் குறிக்கும் ‘பேஷன்ட் இன்வால்வ்மென்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. புதிதாக ஒன்றை நீட்டுமுன், வந்திருக்கும் பரிந்துரைகளுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> ‘நோயாளர் பங்கேற்பு’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மருந்துச் சோதனையில் சேர்ந்து ஊசி போட்டுக்கொள்பவரைப் ‘பங்கேற்பாளர்’ என்று ஒப்புதல் படிவங்களில் ஏற்கெனவே எழுதிவருகிறோம் (இலங்கை நண்பர்கள் ‘பங்குபற்றுநர்’ என்பார்கள்). நாம் பெயர் தேடுவது இன்னொருவருக்கு. எதை அளப்பது, மாதத்துக்கு எத்தனை முறை வரச்சொல்வது, சோதனை முடிந்தபின் மருந்து தொடருமா என்றெல்லாம் தீர்மானிக்கும் மேசையில் உட்காரும் நோயாளர் அவர். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ‘எங்கள் ஆய்வில் நோயாளர் பங்கேற்பு உண்டு’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நோயாளர் இல்லாமல் எந்தச் சோதனைதான் நடந்தது?

நடுக்குவாத (பார்க்கின்சன் நோய்) ஆய்வின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தை மூளைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்த சோதனையை அம்ஜென் நிறுவனம் 2004இல் நிறுத்தியது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலிமருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பயன் தெரியவில்லை, குரங்குகளின் சிறுமூளையில் சேதம் காணப்பட்டது, சில நோயாளரின் உடலில் அந்தப் புரதத்தையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் உண்டானது என்று காரணம் சொன்னது. எங்களுக்கு நன்றாக இருக்கிறது, மருந்தைத் தொடருங்கள் என்று கேட்ட சிலர் 2005இல் அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போனார்கள். தோற்றார்கள். மருத்துவக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. நிறுவனம் சொன்ன காரணங்கள் அற்பமானவையும் அல்ல. ஆனால் மண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திக்கொண்டவர்கள் அவர்கள். அதைவிட ஆழமான பங்கேற்பு என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவில் அவர்களுக்கு இடமில்லை.

அதே புரதத்தைப் பின்னர் பிரிட்டனின் பிரிஸ்டலில் மறுபடி சோதித்தார்கள். அதில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் ஒருவர் டாம் ஐசக்ஸ். இருபதுகளிலேயே நடுக்குவாதம் வந்தவர். பார்க்கின்சன் ஆய்வுக்காக ஓர் அறக்கட்டளையை 2005இல் சேர்ந்து நிறுவியவர். பிரிஸ்டல் சோதனைக்கு அந்த அறக்கட்டளையின் நிதியும் போனது. 2017இல் அவர் இறந்தார். 2019இல் வெளியான முடிவுகளில் சோதனை தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஒரே ஆளுக்கு அங்கே இரண்டு வேடம்: சோதனையின் பங்கேற்பாளர், அதற்கு நிதி தந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். இரண்டையும் தமிழில் பிரித்துச் சொல்ல நமக்கு வழி வேண்டும்.

> ‘ஈடுபாடு’?

இசையில் ஈடுபாடு, கோயில் காரியங்களில் ஈடுபாடு என்கிறோம். அது மனம் சார்ந்தது. அதையே ‘ஈடுபடுத்துதல்’ ஆக்கினால், ‘கைதிகள் சாலைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர்’ என்ற வாடை வந்துவிடுகிறது.

> ‘கலந்தாய்வு’ அழகான சொல்.

அழகுதான். ஆனால் தமிழ்நாட்டில் அதைப் பொறியியல் சேர்க்கை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நோயாளர் கலந்தாய்வு’ என்றால் எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்பார்கள்.

மருத்துவர் அம்மா சொன்ன ‘நோயாளர் குரல்’ கட்டுரைத் தலைப்புக்குப் பொருந்தும். கலைச்சொல்லாக எனக்குத் தயக்கம் உண்டு. குரலைக் கேட்டுவிட்டுக் கோப்பில் வைத்து மூடலாம். தவிர, நடுக்குவாதத்தில் குரலே தணிந்து தேய்வது ஓர் அறிகுறி.

சரி, என் பக்கம். பிரிட்டனில் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள்: ஆய்வு என்பது மக்கள் மீது, மக்களைப் பற்றி, மக்களுக்காக நடப்பதைவிட, மக்களோடு அல்லது மக்களால் நடக்க வேண்டும். இதை வேற்றுமை உருபுகளாகப் பிரித்துப் பாருங்கள். வேண்டாம் என்பவை ஏழு, இரண்டு, நான்கு என்று சிதறிக் கிடக்கின்றன. வேண்டும் என்கிற ‘ஓடு’, ‘ஆல்’ இரண்டும் நமக்கு மூன்றாம் வேற்றுமை. கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். இதுவரை நோயாளர் ஆய்வின் கருவி. இனி கருத்தாவாகவும் உடனிகழ்ச்சியாகவும் வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆகவே ‘உடன்’ சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

உடன் இருந்து என்ன செய்கிறார்? திட்டத்தை வகுக்கிறார். எனவே ‘உடன்வகுத்தல்’.

அந்த மேசையில் நோயாளர் சொல்லக்கூடியது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். பல சோதனைகளில் நோயாளர் நடுக்குவாதத்துக்கு வழக்கமாக எடுக்கும் லெவோடோபா மருந்தை முந்தைய இரவே நிறுத்திவிட்டு, 12 மணி நேரம் மருந்தில்லாமல், மறுநாள் காலையில் வர வேண்டும். மருந்தின் துணையின்றி உடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து முறை, முடிந்தவரை வேகமாகவும் அகலமாகவும் தட்டச்சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். அறிவியல் சரி. ஆனால் சட்டைப் பொத்தான் போடவே முடியாத நிலையில் இருக்கும் ஒருவர் அந்தக் காலையில் மருத்துவமனைக்கு எப்படி வந்து சேருவார்? வண்டியும் துணையும் யார் பொறுப்பு? அப்புறம் வீட்டில் நிரப்பும் நாட்குறிப்பு. அரை மணிக்கு ஒரு கட்டம்: தூக்கம், மருந்து வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம், தொந்தரவான தன்னிச்சை அசைவுகள் என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். விரல் ஒத்துழைக்காதவருக்குப் பொடிக் கட்டங்களைக் கொடுப்பது சரியா என்ற கேள்வி, அதை நிரப்பிப் பார்த்தவருக்குத்தான் சட்டென்று தோன்றும்.

ஆய்வுக் கேள்வியையே மாற்றுகிற அளவுக்கும் இது போகும். 2014இல் பிரிட்டனில் நோயாளர், பராமரிப்பவர், மருத்துவர் எல்லாரும் சேர்ந்து நடுக்குவாத ஆய்வுக்குப் பத்து முன்னுரிமைகளைப் பட்டியலிட்டார்கள். முதலிடம் சமநிலைக்கும் விழாமல் தடுப்பதற்கும். அடுத்தது மன அழுத்தமும் பதற்றமும். தூக்கமும் சிறுநீர்த் தொல்லையும்கூடப் பட்டியலில் உண்டு. நோயின் பெயரிலேயே நிற்கும் நடுக்கத்துக்கு அந்தப் பத்தில் தனி இடம் இல்லை!

‘உடன்வகுத்தல்’ மீது வரக்கூடிய குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். சோம்பலில் யாராவது அதை ‘உடன்வகுப்பு’ என்று சுருக்கினால் பள்ளித் தோழர் நினைவுக்கு வருவார். ஆகவே ‘தல்’ ஈற்றைக் கைவிடக் கூடாது. ஆளைக் குறிக்க ‘உடன்வகுப்பாளர்’ ஆகாது, ‘உடன்வகுப்பவர்’ போதும். வாக்கியத்தில் இப்படி வரும்: ‘இச்சோதனையின் பங்கேற்பாளர்கள் இத்தனை பேர், அதன் ஆய்வுத் திட்டத்தை உடன்வகுத்த நோயாளர்கள் இன்னார்.’ இப்படி எழுதினால் இரண்டாவது பட்டியல் காலியாக இருப்பது கண்ணில் படும்.

இன்னொரு முடிச்சு பாக்கி. ஸ்வீடனில் சாரா ரிக்காரே என்று ஒருவர் இருக்கிறார். நடுக்குவாதத்தோடு வாழ்ந்துகொண்டே அதை ஆராய்கிறவர். நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது வருடத்துக்கு 1 மணி நேரம், மீதி 8,765 மணி நேரமும் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது என்று கணக்குச் சொன்னவர். இவரைப் போன்றவரை ‘நோயாளர் ஆய்வாளர்’ என்றால் நோயாளர்களை ஆராய்பவர் என்றும் பொருள் வருகிறது. ‘ஆய்வாள நோயாளர்’ என்று திருப்பிப் போட்டால் நாக்கு புரள்கிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தனி இழையாகவே தொடங்குங்கள். ‘உடன்வகுத்தல்’ பற்றிய மறுப்புகளை இங்கேயே எழுதலாம். பெரிய எதிர்ப்பு இல்லையென்றால் சொற்கோவையில் ‘பங்கேற்பு’க்கு அடுத்த வரியாகச் சேர்க்கும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒப்புதல் படிவங்களோடு மல்லுக்கட்டும் மொழிபெயர்ப்பாளன்