அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், தாய் சி வகுப்புக்கு அனுப்பலாமா?

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 69. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பலதுறை மருந்தகத்தில் நடக்கச் சொன்னார்கள். நடந்தால் வலிக்கிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார். போன மாதம் குளியலறை வாசலில் கால் இடறியது. சுவரைப் பிடித்ததால் தப்பினார். அப்போதிலிருந்து கீழே இறங்கவே பயம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் சீனப் பெரியவர்கள் தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி) செய்கிறார்கள். அங்கே அனுப்பலாமா? முழங்காலை மடக்கியே நிற்கிறார்களே, வலி கூடிவிடாதா? அம்மாவுக்குத் தமிழும் பாசார் மலாயும் (கடைத்தெருவில் பேசும் எளிய மலாய்) மட்டும்தான் தெரியும்.

செங்காங் சிவா:
யோகா பழகினவர் என்றால் அதையே தொடரலாமே? என் மாமியார் சமூக மன்றத்தில் நாற்காலி யோகா செய்கிறார், நன்றாக இருக்கிறது என்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, தாராளமாக அனுப்புங்கள். இடுப்பெலும்பு முறிந்து வார்டுக்கு வரும் பாட்டிகளைப் பார்த்துப் பார்த்து நொந்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வயதானவர்கள் பல சமயம் விழுவது ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரம் மாறும் நொடியில்தான். திரும்புவார்கள், எதையோ எட்டுவார்கள், அடுத்த கால் தயாராக இருக்காது. தாய் சி அந்த நொடியை இழுத்து இழுத்துப் பழக்குகிறது. ‘மேகக் கை’ என்று ஓர் அசைவு உண்டு. கைகள் முகத்துக்கு முன்னால் மாறி மாறி வட்டமிடும். உடம்பின் பாரம் முழுக்க இடது காலில் இறங்கிய பிறகுதான் வலது பாதம் தரையை விட்டு எழ வேண்டும். அது பக்கத்தில் வந்து, விரல் முதலில் தொட்டு, அப்புறம் குதிகால் பதியும். மெதுவாகச் செய்து பாருங்கள், இளவயதுக்காரருக்கே தொடை நடுங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, முதியோர் விழாமலிருக்கச் செய்யும் உடற்பயிற்சிகளைப் பற்றி 2019இல் வெளியிட்ட தொகுப்பு, தாய் சியால் முதியோர் விழுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையலாம் என்கிறது.

முழங்கால் பயம் நியாயம்தான். ஆனால் காணொளிகளில் வருவதுபோல் தாழ உட்கார வேண்டியதே இல்லை. அம்மா கிட்டத்தட்ட நேராக நின்று, முழங்காலை இளக்கிவிட்டால் போதும். முழங்கால் கால்விரலைத் தாண்டக்கூடாது, பாதம் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். முக்கியமானது திரும்புவது. பாரம் இருக்கும் காலைத் திருகினால் மூட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளும். முதலில் பாரத்தைப் பின்காலுக்கு எடுத்துவிட்டு, முன்பாதத்தைக் குதிகாலில் திருப்பி, பிறகு மெல்ல முன்னால் வரச் சொல்லுங்கள். பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறை, 12 வாரம் தாய் சி செய்தவர்களுக்கு பிசியோதெரபி எடுத்தவர்களைப் போலவே வலி குறைந்தது.

மொழி ஒரு தடையே இல்லை. எங்கள் குழுவில் எண்ணிக்கை, விளக்கம் எல்லாம் மாண்டரின்தான். புதிதாக வருபவரை நடுவில் நிறுத்திவிடுவார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய முன்னால் ஓர் ஆள் இருப்பார். பின்வரிசை ஹொக்கியன் பாட்டி ஒருவர் என் தோளை இரண்டு விரலால் அழுத்தி மலாயில் ‘பெலான், பெலான்’ (மெதுவாக, மெதுவாக) என்பார். தோளைத் தூக்கிவைத்திருக்கிறேன், அவசரப்படுகிறேன் என்று அர்த்தம். பாசார் மலாய் தெரிந்த உங்கள் அம்மாவுக்கு அங்கே பேச்சுத்துணைக்குப் பஞ்சமிருக்காது. சிவா தம்பி, நாற்காலி யோகாவும் நல்லதுதான். ஆனால் விழுந்துவிடும் பயம் நின்று நடமாடினால்தான் போகும்.

யீஷூன்வாசி:
நன்றி அக்கா. எத்தனை அசைவு கற்க வேண்டும்? அவருக்கு மறதி வேறு. ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார்.

தோபாயோ அண்ணன்:
குழுக்களில் அதிகம் செய்வது 24 அசைவுத் தொகுப்பு. 1956இல் சீனாவில் யாங் பாணி என்ற தாய் சி வகையிலிருந்து சுருக்கி அமைத்தது, முழுவதும் செய்தாலும் ஆறு நிமிடம்போல. மறந்தால் என்ன, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தொடரலாம். என் அப்பாவுக்கு வரிசை இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, ஆனால் பேருந்தில் ஏறும்போது என் கையைத் தேடுவதில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
அண்ணன் சொல்வது சரி. மாத்திரையால் எழுந்திருக்கும்போது தலைசுற்றல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். செருப்பு வேண்டாம், அடிப்பகுதி தட்டையான, வழுக்காத காலணி போடட்டும். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் அன்று விட்டுவிடலாம். முதல் சில வாரம் தூணுக்கு அருகில் இடம் பிடித்துக் கொடுங்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம். குழுவை நடத்துபவரிடம் ‘லுத்துட் சாக்கிட்’ (மலாயில் முழங்கால் வலி) என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஒற்றைக்காலில் நிற்கும் உதைகளை அம்மாவுக்கு மட்டும் மாற்றிக் காட்டுவார்.