பதினொரு பரிந்துரைகள் பெற்ற படமும் அம்மாயியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, இலங்கை மலையகத்தில் ஹட்டனை அடுத்த எங்கள் தோட்டத்து லய வீட்டில், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாயியோடு அமர்ந்து ‘தி கலர் பர்ப்பிள்’ படத்தைப் பார்த்தேன். 1985இல் வெளியான அந்தப் படம் ஒஸ்காருக்கு 11 பரிந்துரைகளைப் பெற்றும் ஒரு விருதைக்கூட வெல்லவில்லை என்று எங்கோ வாசித்ததால்தான் அதைத் தேடி எடுத்தேன்.

அம்மாயிக்கு ஆங்கிலம் தெரியாததால் இடையிடையே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவையும் தங்கையையும் பிரித்துத் தங்கையைத் துரத்தும் காட்சியில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெற்றிலையில் தடவ எடுத்த சுண்ணாம்பு அம்மாயியின் விரல் நுனியிலேயே காய்ந்துவிட்டது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி நம் மலையக மக்கள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலத்தில், அவருடைய தங்கையும் குடும்பத்தோடு கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. படத்தில் தங்கை எழுதிய கடிதங்களையெல்லாம் அக்காவின் கணவன் ஆண்டுக்கணக்கில் ஒளித்துவைத்திருந்தது தெரியவந்தபோது, “நம்ம கடுதாசியையும் எவனாச்சும் இப்படி வச்சிக்கிட்டானோ, என்னமோ” என்றார்.

1986 மார்ச்சில் நடந்த விழாவில் சிறந்த படத்துக்கான விருதையும் சேர்த்து 7 விருதுகளை ‘அவுட் ஒஃப் ஆபிரிக்கா’ பெற்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. வூப்பி கோல்ட்பர்க், மார்கரெட் ஏவரி, ஓப்ரா வின்ஃப்ரி ஆகிய மூவரும் நடிப்புக்காகப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு படத்தில், அவர்களை அப்படி நடிக்க வைத்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் பெயர் இயக்குநர் பட்டியலிலேயே இடம்பெறாததைத்தான் என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே படத்துக்காக அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் தன் விருதை அவருக்கே வழங்கியிருந்தது. 1977இல் வந்த ‘தி டர்னிங் பொயிண்ட்’ படமும் இதேபோல் 11 பரிந்துரைகளோடு வெறுங்கையாகத் திரும்பியது.

இறுதிக் காட்சியில், முதுமையை நெருங்கிய சகோதரிகள் இருவரும் சிறுவயதில் விளையாடியதுபோலவே கைகளைத் தட்டி விளையாடுகிறார்கள். படம் முடிந்து நான் டிவியை அணைக்கப் போனேன். “அந்தக் கைதட்டுறத மட்டும் இன்னொருக்கா போடு” என்று அம்மாயி கேட்டார். மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை அவருடைய உள்ளங்கைகளும் மடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.