கோல்டன் அபிஸ் ஆடியவர்கள் வாங்க, எந்த இடம் இன்னும் மனதைக் குடைகிறது?

டிரேக்_தம்பி

அன்சார்ட்டட் வீடியோ கேம் வரிசையில், சோனியின் கையடக்க மெஷினான வீட்டாவுக்கு மட்டும் வந்ததே, அந்த கோல்டன் அபிஸ்தான். கதை எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பழைய தோல் ஏடு கையில் கிடைக்கும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் மறைந்திருக்கும் எழுத்து தெரியும். பிடிக்க வேண்டியது புதையல் தேடும் நாயகன் டிரேக் இல்லை, நாம். வீட்டாவின் பின்பக்க கேமராவை நிஜ விளக்கு ஒன்றின் முன்னால் காட்ட வேண்டும்.

நான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது நாகர்கோவில் போகிற ஸ்லீப்பர் பஸ்ஸில், நடுராத்திரி. பஸ்ஸில் ஒரு விளக்கு இல்லை, போன் விழுப்புரத்திலேயே உயிரை விட்டுவிட்டது. வீட்டாவைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினேன், கூரைப் பக்கம் காட்டினேன், டோல்கேட் வந்தபோது கொஞ்சம் எழுத்து தெரிந்தது, பஸ் நகர்ந்ததும் போய்விட்டது. இப்படி நான்கு திசையும் காட்டிக்கொண்டிருக்கும்போது எதிர் பெர்த்தில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, எதுக்கு என்னைய படம் புடிக்கிறீங்க?" என்றார். கேமரா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. விளக்கிச் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, காலடியில் இருந்த மஞ்சள் பையைத் துழாவி நீளமான ஒரு டார்ச்சை எடுத்து நேராக கேமராவில் அடித்தார்.

எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். "புதையலா?" "ஆமாங்க." "எந்த ஊர்ல?" "பனாமா பக்கம்." "அம்மாடி" என்றார், டார்ச்சை மட்டும் அணைக்கவில்லை. விடிகாலையில் நான் தூக்கத்தில் இருக்கும்போதே திருநெல்வேலியில் இறங்கிப் போய்விட்டார். புதையல் கிடைத்ததா இல்லையா என்று அவருக்குச் சொல்லவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வேறு எந்த கேமிலும் பக்கத்து சீட்காரர் எனக்குக் கூட்டாளியாக வந்தது கிடையாது.

உங்களுக்கு எந்த இடம்?

கிரஷிங்_பாண்டி

பஸ் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அது கேமின் பெருமை இல்லை, பெரியவரின் பெருமை. அந்த ஏடு விஷயம் சுத்த வித்தை காட்டல். 2011 டிசம்பரில் ஜப்பானில் வீட்டா கடைக்கு வந்த அன்றே இந்த கேமும் வந்தது, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் 2012 பிப்ரவரி. புது மெஷின், அதில் முன்னால் டச், பின்னால் டச், கேமரா, சாய்த்தால் தெரிகிற சென்சார் எல்லாம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே கேமில் காட்டிவிட வேண்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். மூங்கிலை வெட்ட விரலால் இழு, சிலையில் மண் ஒட்டியிருந்தால் தேய், கல்வெட்டுக்கு மேல் கரியைத் தடவு. முதல் முறை சரி, பத்தாவது முறை?

என்னைக் குடைவது கடைசியில் வரும் சண்டைகள். வில்லன்கள் இரண்டு பேர், டான்டேயோடு ஒன்று, கெர்ரோவோடு ஒன்று. கேம் முழுக்க மறைந்து நின்று சுடுவதற்கும், சுவரேறுவதற்கும் பழக்கிவிட்டு, கடைசியில் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, அம்புக்குறி காட்டுகிற திசையில் விரலை இழு என்றால் என்ன நியாயம்? மே மாதம், மின்வெட்டு, கை முழுக்க வியர்வை. நான் மேலே இழுக்கிறேன், அது பக்கவாட்டில் இழுத்ததாக எடுத்துக்கொள்கிறது, கெர்ரோ குத்துகிறான், டிரேக் சரிகிறான். திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. சட்டை நுனியால் ஸ்கிரீனைத் துடைத்துத் துடைத்து ஆடினேன். ஜெயித்தபோது சந்தோஷமே வரவில்லை, இனி இவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தது. அவ்வளவு நல்ல வில்லனை, தோற்றுப்போன புரட்சிக்காரன், இன்னும் தன்னை ஜெனரல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறவன், அவனைப் போய் இப்படி வீணடித்துவிட்டார்கள்.

கொண்டைஊசி

பாண்டிக்கு வியர்வை, எனக்கு வால்பாறை.

மரக்கட்டை மேல் டிரேக் நடக்கும்போது தள்ளாடுவானே, வீட்டாவைச் சாய்த்து நிமிர்த்த வேண்டுமே, அதை ஆழியாறிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் ஆடிப் பாருங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. பஸ் வலதுபக்கம் திரும்பினால் நான் இடதுபக்கம் சாய்கிறேன், என்னோடு வீட்டா சாய்கிறது, அதோடு டிரேக்கும் கீழே. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் இறங்கி அணையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து, பஸ் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அந்தக் கட்டையைத் தாண்டிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். டிரைவர் ஏறி ஹாரன் அடிக்கவும் டிரேக் அக்கரையில் கால் வைக்கவும் சரியாக இருந்தது. பக்கத்தில் இருந்த என் தங்கை இன்றைக்கும் யாரிடமும் சொல்வாள், "இவன் வால்பாறையை டிவியிலதான் பார்த்திருக்கான்" என்று.

இன்னொன்று, தூரத்திலிருந்து சுடுகிற ஸ்னைப்பர் துப்பாக்கி. மெஷினை அசைத்தே குறி வைக்கலாம். ஸ்டிக்கில் கிட்டத்தட்டக் குறி வைத்துவிட்டு கடைசித் துளியை மட்டும் மணிக்கட்டால் திருத்தினால் தலையில்தான் விழும். வீட்டில் உட்கார்ந்து ஆடினால் மட்டும். வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏடுபடிப்பவன்

பாண்டி சார், கரி தடவுகிற இடத்தைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு அந்த கேமே அதுதான்.

தாளைக் கல்லின் மேல் வைத்து விரலால் தேய்க்கத் தேய்க்க, முதலில் ஒன்றுமில்லாத சாம்பல் நிறம், அப்புறம் ஒரு கோடு, அப்புறம் ஒரு கண், கடைசியில் முழு முகம். ஓரம் முழுசாக வரவில்லை என்றால் கேம் விடாது, மூலைக்குப் போய்த் தேய்க்க வேண்டும். கல்வெட்டுத் துறையில் இருந்த எங்கள் மாமா மசியும் தாளும் எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் படியெடுக்கப் போவார். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மேலே மசி ஒற்றுவார்கள். அவர்கள் முறை வேறு, ஆனால் எழுத்து மேலே வருகிற அந்தக் கணம் ஒன்றுதான். அவரிடம் வீட்டாவைக் கொடுத்தேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேய்த்தார், "அவசரப்படாம தேய்க்கணும்டா" என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

என்னைக் குடைவது வேறு. இந்தக் கதையில் தேடுகிற குவிவிரா நிஜமாகவே ஸ்பானியர்கள் தேடிய ஊர். மார்கோஸ் டி நிசா என்ற பாதிரியார் பெயர் கேமில் வருகிறதே, அவரும் நிஜ ஆள். 1539-இல் வடக்கே போய்விட்டு வந்து, தங்க நகரம் என்று பேசப்பட்ட சிபோலாவைக் கண்ணால் பார்த்தேன், பெரிய நகரம் என்று சொன்னார். அதை நம்பி 1540-இல் ஸ்பானியத் தளபதி கொரோனாடோ பெரும்படையோடு கிளம்பினார். போய்ப் பார்த்தால் சூனி என்ற பழங்குடி மக்களின் மண்வீட்டு ஊர், ஒரு குன்றிமணி தங்கம் இல்லை. அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை. வழியில் பிடித்துவந்த ஒரு கைதி, ஸ்பானியர்கள் அவனைத் துருக்கன் என்றார்கள், குவிவிராவில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்றான். 1541-இல் அங்கேயும் போனார்கள். இன்றைய கேன்சஸ். புல் வேய்ந்த வீடுகள், சோளம், காட்டெருமை. துருக்கனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுத் திரும்பினார்கள்.

கேமில் குவிவிராவை மத்திய அமெரிக்கக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டுக்குள் கோயில் இருந்தால்தான் டிரேக் ஏற முடியும், கேன்சஸ் புல்வெளியில் எதில் ஏறுவது, சரி. ஆனால் ஒரு விஷயத்தில் கேம்காரர்கள் கெட்டிக்காரர்கள். (இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) தங்கம் இருக்கிறது, ஆனால் கதிர்வீச்சு ஏறிய தங்கம். தொட்டவன் சாவான். தங்கத்துக்கு எப்படிக் கதிர்வீச்சு பிடிக்கும் என்று இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள், நானும் அதை நம்பவில்லை. அந்தக் கடைசி அறையில் டிரேக் தங்கத்தைப் பார்த்தபோது நான் நினைத்தது டிரேக்கை அல்ல, துருக்கனை. அவன் பொய் சொல்லி அந்தப் படையைப் புல்வெளிக்குள் இழுத்துக்கொண்டு போனது தன் ஊர்ப்பக்கத்து ஜனங்களைக் காப்பாற்றத்தான் என்று சில வரலாற்றுக்காரர்கள் எழுதுகிறார்கள். அவனுக்கு ஒரு கேம் வரவேண்டும்.

பழைய_சரக்கு

என் கதை ரொம்பச் சின்னது. இந்த கேம் டிவியில் ஆடுகிற பி.எஸ்.4-க்கு வரும் வரும் என்று காத்திருந்தேன், 2015-இல் நேதன் டிரேக் கலெக்‌ஷன் வந்தது, மூன்று பாகம் இருந்தது, இது இல்லை. அப்புறம் பழைய வீட்டா வாங்கித்தான் ஆடினேன். முதல் காட்சியிலேயே அசந்துவிட்டேன், இது எப்படி உள்ளங்கையில் ஓடுகிறது என்று.

இப்போது வாங்க நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டா இரண்டு வகை. முதலில் வந்த 1000 மாடல், ஓ.எல்.இ.டி. திரை, இருட்டுக் குகைக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே தெரியும், ஆனால் சார்ஜர் முனை அதற்கென்றே தனி, தொலைந்தால் தேடி அலைய வேண்டும். அடுத்து 2013-இல் வந்த 2000 மாடல், எல்.சி.டி. திரை, மெலிசு, சாதாரண மைக்ரோ யு.எஸ்.பி. சார்ஜர் போதும், உள்ளேயே ஒரு ஜி.பி. இடமும் உண்டு. என் ஓட்டு 1000-க்குத்தான். மெமரி கார்டு இரண்டுக்குமே தனி வகை, போனில் போடுகிற கார்டு நுழையாது, அதனால் கார்டோடு விற்கிற ஆளிடம் வாங்குங்கள். கார்டு இல்லாமல் மெஷினை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கையில் வாங்கியதும் திரையின் நான்கு மூலையிலும் விரலை இழுத்துப் பாருங்கள், பின்பக்கப் பட்டையும் வேலை செய்கிறதா பாருங்கள், கயிற்றில் ஏற அது உதவும். பின் கேமராவைத் திறந்து பாருங்கள், கேமரா செத்த மெஷினில் அந்த ஏடு காட்டுகிற இடத்தை எப்படித் தாண்டுவது? ஸ்டிக் தானாக நகர்கிறதா பாருங்கள். டிவியில் ஆடலாம் என்று பிளேஸ்டேஷன் டிவி என்ற சின்னப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள், இந்த கேம் அதில் ஓடாது. சோனிக்காரர்கள் தங்கள் ஆன்லைன் கடையை மூடப்போகிறோம் என்று 2021 மார்ச்சில் சொன்னார்கள், ஆட்கள் சத்தம் போட்டதும் ஏப்ரலிலேயே பி.எஸ்.3-க்கும் வீட்டாவுக்கும் திறந்தே வைத்துவிட்டார்கள், ஆனாலும் நான் அட்டைப்பெட்டியோடு கேம் கார்டாகவே வாங்கச் சொல்வேன். திரையைக் காக்கும் மேலொட்டு ஒட்டினால் மினுமினுப்பானது ஒட்டுங்கள், சொரசொரப்பானதில் விரல் வழுக்காது.

கிரஷிங்_பாண்டி

அண்ணே, இங்கே யாரும் வீட்டா வாங்கவில்லையே.

ஏடுபடிப்பவன், துருக்கன் கேம் வந்தால் நானும் ஆடுவேன். கடைசிச் சண்டை மட்டும் பட்டனில் இருக்க வேண்டும். மாமா தேய்த்தது அழகு, மறுக்கவில்லை. ஆனால் மாமா ஒரு கல்வெட்டு தேய்த்தார், நான் கேம் முழுக்கத் தேய்த்தேன். டிரேக்_தம்பி, வெளிச்சம் காட்டுகிற இடத்தைப் பஸ்ஸில் இல்லாமல் வீட்டில் டியூப்லைட் அடியில் ஆடியிருந்தால் இந்தப் பதிவைப் போட்டிருப்பீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

டிரேக்_தம்பி

போட்டிருக்க மாட்டேன். அதனால் என்ன? பஸ்ஸில் ஆடத்தானே கையில் பிடிக்கிற மெஷின். டியூப்லைட் அடியில் உட்கார்ந்து ஆட எனக்கு டிவி இருக்கிறது.

தூங்காநிலா

நீங்கள் எல்லோரும் கதையை முடித்துவிட்டுப் பேசுகிறீர்கள், எனக்குக் கதை முடிந்த பிறகுதான் கேம் ஆரம்பித்தது. கேமின் எல்லாக் கோப்பைகளையும் எடுத்தால் கிடைக்கிற பிளாட்டினம் கோப்பை மேல் கிறுக்கு.

எதிரிகள் விழும்போது சில சமயம் ஒரு பொருள் பளபளவென்று உதிரும், பார்த்திருப்பீர்கள். அதைச் சேர்த்துத் தொகுப்புகளை நிரப்ப வேண்டும். சாதாரணமானது நிறைய விழும், அரிதானது சுலபத்தில் விழாது. இதற்காகவே கறுப்புச் சந்தை என்று ஒன்று வைத்திருந்தார்கள், வீட்டாவில் இருந்த நியர் என்ற வசதி வழியாகப் பக்கத்தில் இருக்கிற மற்ற வீட்டாக்காரர்களோடு மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், பக்கத்தில் ஆள் இருந்தால். நான் இருந்தது தஞ்சாவூர். பெரிய கோயில் வாசலில், பழைய பஸ் ஸ்டாண்டில், ரயிலடியில், எங்கே நின்று நியரைத் திறந்தாலும் நான் மட்டும்தான் நடுவில் நிற்பேன், சுற்றிலும் வெற்று வட்டம்.

அக்கா வீட்டுக்கு சிங்கப்பூர் போனபோதுதான் அந்த வட்டத்தில் முதல் முறையாக ஆட்களைப் பார்த்தேன். எம்.ஆர்.டி. நிலையத்தில் படியிறங்கிக்கொண்டே திறந்தேன், வரிசையாகப் பெயர்கள். அப்படியே படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா கீழே இருந்து "வாடி, ரயில் வருது" என்று கத்துகிறாள், பின்னால் வருகிறவர்கள் என்னைச் சுற்றிப் போகிறார்கள், எனக்கு ஒரு பொருள் வேண்டும், அது யாரிடமோ இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எவன் கையிலாவது வீட்டா இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். எல்லோர் கையிலும் போன். அந்தப் பெயர்களில் ஒருத்தர்கூட யாரென்று தெரியாமல், இரண்டு பொருளை வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் ஓடினேன்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் 2012 கடைசியில் வந்த ஃபைட் ஃபார் ஃபார்ச்சூன் என்ற சீட்டு கேமில் நம் சீட்டுகளுக்குப் பலம் கூட்டும் என்றார்கள், அதையும் வாங்கினேன், யாராவது அதை முழுசாக ஆடியிருக்கிறீர்களா? நியரின் அந்த வசதியை அப்புறம் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆடுகிறவர்களுக்கு ஒரே வழி, ஒரு நல்ல செக்பாயிண்ட்டைப் பிடித்து, கூட்டத்தை அடித்து, விழுந்ததைப் பார்த்து, திரும்ப ஏற்றி, திரும்ப அடிப்பது. பாண்டி அண்ணா பத்து முறை தேய்த்ததற்கே அழுகிறார்.

கொண்டைஊசி

ஃபைட் ஃபார் ஃபார்ச்சூன் ஆடினேன். தங்கைதான் ஜெயித்தாள்.