லாஸ் மெனினாஸ்: கண்ணாடியில தெரியறது ராஜாவா, ராஜாவோட படமா?

நெடுங்கோடு:
ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் 1656ல வரைஞ்ச லாஸ் மெனினாஸ் படம், மாட்ரிட் பிராடோ மியூசியத்துல இருக்கு. நடுவுல அஞ்சு வயசு இளவரசி மார்கரீட்டா, ரெண்டு பக்கமும் தோழிப் பொண்ணுங்க, இடது ஓரத்துல ஒரு பெரிய கேன்வாஸோட முதுகு, பக்கத்துலயே பிரஷ்ஷோட வெலாஸ்கெஸ், பின்சுவத்துல சின்னதா ஒரு கண்ணாடி, அதுல ராஜா நாலாம் பிலிப்பும் ராணி மரியானாவும். ரெண்டு பேரும் நாம நிக்கற எடத்துல நிக்கறாங்க, அதான் கண்ணாடியில தெரியறாங்கன்னு பல பேர் சொல்றாங்க, அது தப்புங்கறேன். படத்தைப் பெருசா பிரின்ட் போட்டு, வலது சுவத்துல ஜன்னலோட மேல்விளிம்பு, சுவரும் கூரையும் சேர்ற கோடு, ரெண்டையும் ஸ்கேல் வெச்சு நீட்டிப் பாருங்க. போய்ச் சேர்றது கண்ணாடியில இல்ல, பக்கத்துக் கதவுப் படியில நிக்கறாரே ஹோசே நியெத்தோ, அவரு கைகிட்ட. அப்ப நம்ம கண்ணு கதவுக்கு நேரா இருக்கு, கண்ணாடி இடப்பக்கம் இருக்கு, அதுல பட்டுத் திரும்பற பார்வை இன்னும் இடதுக்குத்தான் போகும், அங்க இருக்கறது அந்த கேன்வாஸோட முன்பக்கம். ஆக நாம பாக்கறது ஆளுங்களை இல்ல, வரைஞ்சிட்டு இருக்கற படத்தை.

விளக்கொளி:
கோடு சரி நண்பா, முகங்களை விட்டுட்டீங்களே. இளவரசி, வெலாஸ்கெஸ், அரண்மனையில இருந்த குள்ளப் பொண்ணு மாரி பார்போலா, தூரத்துல நியெத்தோ, இவ்ளோ பேரும் ஒரே எடத்தைப் பாக்கறாங்க. வலப்பக்கத் தோழி இசபெல் வணங்கற மாதிரி குனிய ஆரம்பிச்சிருக்கா, இடப்பக்கம் அகுஸ்தீனா இன்னும் கவனிக்கல, சிவப்பு மண்குவளையை இளவரசிகிட்ட நீட்டிட்டு இருக்கா, பையன் மாதிரி தெரியற அரண்மனைக் குள்ளர் நிக்கொலாசீத்தோ நாய் மேல காலை வெச்சபடியே இருக்காரு. இது யாரோ பெரியவங்க உள்ள நுழைஞ்ச நொடி, அதுல எனக்கு துளி சந்தேகமும் இல்ல. இன்னொண்ணு, ராஜாவும் ராணியும் சேர்ந்திருக்கற ஜோடிப் படம்னு வெலாஸ்கெஸ் வரைஞ்சது எதுவும் நமக்குத் தெரிஞ்சு இல்லயே, அவ்ளோ பெரிய கேன்வாஸ்ல அப்ப என்ன வரையறாரு?

நெடுங்கோடு:
ராஜா அங்க இல்லன்னு நான் எங்க சொன்னேன்? போஸ் குடுத்துட்டு நிக்கலாம், எல்லாரும் அவரைப் பாக்கலாம், ஆனா கண்ணாடிக்குள்ள வந்தது கேன்வாஸ் வழியாத்தான். 1724ல பலோமினோங்கற ஸ்பெயின் ஓவியர் இந்தப் படத்தைப் பத்தி எழுதுறப்ப, உள்ள இருக்கறவங்க பேரையெல்லாம் ஏறக்குறைய முழுசா குடுக்கறாரு, கேன்வாஸ்ல வெலாஸ்கெஸ் என்ன வரையறாருங்கறதைக் கண்ணாடிதான் காட்டுதுன்னும் எழுதுறாரு.

மண்வாசல்:
ரெண்டு பேரும் கண்ணாடியை விட்டு வெளிய வாங்க, மேல பாருங்க. படம் கிட்டத்தட்ட 318 சென்டிமீட்டர் உயரம், அத்தனை தலையும் கீழ்ப்பாதியிலயே முடிஞ்சுடுது. மேல்பாதி முழுக்க இருட்டுக் கூரையும், மங்கலான பழைய படங்களும், விளக்கு மாட்டற ரெண்டு வெறும் கொக்கியும்தான். வேற யாராவது வரைஞ்சிருந்தா திரைச்சீலையோ தூணோ வெச்சு அடைச்சிருப்பாங்க, இவரு காத்தை அப்படியே விட்டுட்டாரு, எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்ச எடமே அதுதான். அப்புறம் ஆழம் வர்றது கோட்டால மட்டும் இல்ல. முன்னாடி வலது ஜன்னல் வெளிச்சம் இளவரசி மேல விழுது, நடுவுல இருட்டு, திரும்பவும் கடைசியில கதவுல பளிச்சுன்னு வெளிச்சம். அந்த நடு இருட்டைக் கைய வெச்சு மறைச்சிட்டுப் பாருங்க, கதவு சட்டுன்னு முன்னாடி வந்துரும்.

விளக்கொளி:
மறைச்சுப் பாத்தேன், நெஜம்தான். கோடு கதவுல முடியுதுங்கறதையும் ஒத்துக்கறேன். ஆனா இதைச் சொல்லுங்க, இந்தப் படம் மாட்டியிருந்தது ராஜாவோட சொந்த வேலை அறையில, கோடைக்காலத்துல உக்காந்து வேலை பாக்கற அறை. ஊர் ஜனம் பாக்க வரைஞ்சது இல்ல, முதல்ல பாக்கப்போறது அவரே. அவரு முன்னால வந்து நின்னா மகள் நிமிந்து அவரைப் பாக்கறா, கண்ணாடியில அவரு முகம். இந்த ஏற்பாட்டை உங்க ஸ்கேல் எப்படி சொல்லும்?

நெடுங்கோடு:
ஸ்கேல் சொல்லுதே! அவரு வந்து நின்னா நேர் எதிர்ல வர்றது நியெத்தோ. அந்த ஆளு ராணியோட அரண்மனை அதிகாரி, ராணி போற வழியில கதவைத் தொறந்துவிடறது அவரு வேலை. கோடு எல்லாத்தையும் கொண்டுபோய் அந்தக் கையில முடிச்சிருக்காரு வெலாஸ்கெஸ்.

விளக்கொளி:
அப்ப ராணி அந்த ரூம்லதானே இருக்கணும்?