சாதுவான நாய் என்று சொல்லிக் கடந்துபோகிறோம்: தில்லிக் காப்பகங்களில் கண்டவை

மயூர் விஹாரிலிருந்து:

தெற்கு தில்லியில் உள்ள ஒரு காப்பகத்தில் வார இறுதிகளில் தன்னார்வப் பணி செய்து வருகிறேன். ஓயாமல் குரைக்கும் நாயைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள்; மூலையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கும் நாயைச் சாது என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது நாய்தான்.

ஒரு குடும்பத்தார் விட்டுச்சென்ற செம்பழுப்பு நிறப் பெண் நாய் அப்படித்தான் இருந்தது. சேர்த்த அன்றே அதன் அட்டையில் 'சாந்த சுபாவம்' என்று எழுதிவிட்டார்கள். அது கடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் கை நீட்டினால் உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், வெள்ளை விழி தெரியத் தலையைத் திருப்பிக்கொள்ளும். இவை அச்சத்தின் அடையாளங்கள். காப்பகத்துக்குப் புதிதாக வரும் நாய்களின் ரத்தத்தில், மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் முதல் மூன்று நாட்களில் உயர்ந்திருப்பதை 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே முதல் நாள் மதிப்பீடு நாயின் குணத்தைவிட அதன் பயத்தையே பதிவு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆள் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்று அறிய, கூண்டுக்கு வெளியே ஒரு கைப்பேசியை வைத்துப் படம் எடுத்தோம். பகலெல்லாம் அசையாத நாய், விளக்கணைந்த பின் ஒரே திசையில் வட்டமிட்டு நடந்துகொண்டே இருந்தது. அதன்பின் கூண்டின் முன்புறத்தில் பாதியைத் துணியால் மறைத்தோம். தினமும் ஒரே பணியாளர், ஒரே நேரத்தில், அதன் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தார். கசக்கிய செய்தித்தாளுக்குள் வேகவைத்த கோழித் துண்டுகளை ஒளித்துவைத்து, மோந்து தேட விட்டோம். வட்டமிடுதல் முற்றிலும் நிற்கவில்லை, வெகுவாகக் குறைந்தது; அந்தப் பணியாளரின் காலடி கேட்டாலே கதவருகே வந்து நிற்கும் அளவுக்குத் தேறியது.

ஆர்.கே.புரத்திலிருந்து:

பூனைகளும் இப்படித்தான், அம்மா. கழிப்பதற்கு வைத்த மணல் தட்டில் பயந்து சுருண்டு கிடக்கும் பூனை தூங்குவதாகவே எண்ணிக்கொள்கிறோம். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகளின் மனஅழுத்தம் விரைவில் தணிந்ததாக 2014இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. நாங்கள் சாதாரண அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வைத்தோம். தத்தெடுக்க வருபவர்களுக்குப் பூனை தெரியாதே என்று சிலர் தயங்கினார்கள். ஆனால் மறைவிடம் இருந்ததால்தான் அவை துணிந்து வெளியே வந்தன. இன்னொன்று: சுத்தம் செய்யும்போது விரிப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், பூனையின் வாசனை உள்ள ஒன்றையாவது விட்டுவைக்கிறோம்.

மீண்டும் மயூர் விஹாரிலிருந்து:

நன்றி ஐயா, விரிப்பு யோசனையை எங்கள் பணியாளர்களிடம் சொல்கிறேன். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், மீண்டும் அங்கேயே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7இல் உத்தரவிட்டது. தெருவில் சுற்றித் திரிந்த நாய்கள் நெடுங்காலம் கூண்டில் இருக்க நேரும்போது, தடுப்பூசியும் உணவும் மட்டும் பதிவேட்டில் இருந்தால் போதாது. எங்கள் பதிவேட்டில் இப்போது உறக்கம், சாப்பிடும் விதம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், யாரைக் கண்டால் நெருங்குகிறது என்று நான்கு கட்டங்களைச் சேர்த்திருக்கிறோம். கூண்டு கழுவுகிறவரே மாலையில் நிரப்புகிறார், ஏனெனில் அந்த விலங்கை அதிக நேரம் பார்ப்பவர் அவர்தான்.