சொதி ஒரு மணி நேரத்தில் திரிந்துவிடுகிறது, உதவுங்கள்

பாளையங்கோட்டையில் சின்ன ஹோட்டல். ஞாயிறு மதியம் மட்டும் சொதிச் சாப்பாடு (தேங்காய்ப்பாலில் காயும் பருப்பும் சேர்த்த குழம்பு), 40 பேருக்கு. 12 மணிக்கு இறக்கும்போது நன்றாக இருக்கிறது. 1 மணிக்குள் மேலே எண்ணெய் மிதந்து, பால் திப்பி திப்பியாகப் பிரிகிறது. நாலு வாரமாக இதே பாடு.

10 தேங்காய், அரை கிலோ பாசிப்பருப்பு. காய் மூன்றாம் பாலில் வேகும். பிறகு பருப்பு, இரண்டாம் பால். கடைசியில் முதல் பால், நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம். பாத்திரத்தைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பரிமாறுகிறோம்.

எலுமிச்சையை இறக்கி ஆறிய பிறகே பிழிந்து பார்த்தாச்சு. தேங்காய் மாற்றியாச்சு. சோளமாவு கரைத்து விட்டால் பிரியவில்லை, ஆனால் கஞ்சி மாதிரி ஆகிறது. தாய் கிரீன் கறிக்குக் கெட்டிப்பாலை வேண்டுமென்றே பிரியவிட்டு அந்த எண்ணெயில் விழுதை வதக்குவார்கள். சொதிக்கு அது ஆகாதே!

2 மணி வரை சூடு குறையாமல், பிரியாமல் வைக்க முதல் பாலை எப்போது, எப்படிச் சேர்ப்பது?